நாலாம் வருஷம் தொடங்கி ஐந்தாம் வருஷம் முடித்த கிணறு

கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவர்கள் படிக்கலாம். வண்டி ஓட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி சென்னையிலிருந்து போன் செய்தாள். என்னிடம் பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்தவள். சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு மாதத்துக்கு முன்னால் மேனேஜர் ஆகியிருக்கிறாள். அவளுக்குக் கீழே ஒன்பது பேர். இந்த வருஷத்து இலக்குகள் என்று மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்ததாம். அதில் பதினான்கு வரி, பதினான்குக்கும் எதிரே "மிக முக்கியம்" என்று போட்டிருக்கிறதாம். "சார், நீங்க ஹெச்.எம்.மா இருந்தீங்களே, இதுல எதை சார் முதல்ல எடுக்கிறது?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். அவள் டீமில் ஒரு பையன் மூன்று மாதமாக ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லையாம். ராத்திரி பதினொரு மணிக்கும் மெயில் போடுகிறானாம். போன வாரம் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டானாம்.

போனில் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். காரணம் உண்டு. நம் பழைய மாணவர் குழுவிலும் இப்போது இதே பிரச்சினைதான் ஓடுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என்னைக் கேட்டால் நான் நம்மூர்க் கிணற்றிலிருந்துதான் ஆரம்பிப்பேன். திருவெள்ளறைக்காரர்களுக்குத் தெரியும். வெளியூரில் பிறந்த பேரப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில், சுமார் இருபது கிலோமீட்டரில் நம்மூர். வெள்ளைப் பாறைமேல் புண்டரீகாட்சப் பெருமாள் கோயில். கோயிலுக்கு வெளியே, மதிலைத் தாண்டி, ஸ்வஸ்திக வடிவத்தில் ஒரு கிணறு. நாலு பக்கமும் படி இறங்கும். ஒரு துறையில் குளிப்பவர் இன்னொரு துறையில் குளிப்பவருக்குத் தெரியமாட்டார். அதனால்தான் அதற்கு மாமியார் மருமகள் குளம் என்று ஊரில் பெயர். எந்த மாமியார், எந்த மருமகள் என்று ஆராயாதீர்கள். எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

அந்தக் கிணற்றில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வயது சுமார் 1200 வருஷம். பல்லவ அரசன் தந்திவர்மனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி, ஐந்தாம் ஆட்சியாண்டில் முடித்தது. முடித்தவர் ஆலம்பாக்கத்து விசயநல்லூழானின் தம்பி கம்பன் அரையன். கிணற்றின் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. இவ்வளவுதான் செய்தி. என்ன வேலை, யார் பொறுப்பு, எப்போது ஆரம்பம், எப்போது முடிவு. ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. வகுப்பில் எத்தனையோ வருஷம் இந்தக் கல்வெட்டை வரலாற்றுப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அதை வேறு கண்ணால் பார்த்தேன்.

இப்போது கம்பெனிகளில் "ஸ்மார்ட் கோல்" என்கிறார்கள். ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர் 1981இல் ஒரு நிர்வாகப் பத்திரிகையில் எழுதிய சிறு கட்டுரையிலிருந்து வந்தது. இலக்குக்கு ஐந்து தகுதி, ஐந்துக்கும் முதலெழுத்து சேர்த்தால் ஸ்மார்ட். அதில் நடுவில் இருக்கும் "ஏ"வுக்கு அவர் எழுதிய பொருள் "யாரிடம் ஒப்படைக்கப்பட்டது" என்பது. பின்னால் வந்தவர்கள் அதை மாற்றி "எட்டக்கூடியது" என்று வைத்துக்கொண்டார்கள். இன்றைக்குப் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். ஆள் பெயர் கழன்று போய்விட்டது! பெயர் இல்லாத இலக்கு எல்லோருடையதும் ஆகிவிடும், எல்லோருடையது என்றால் யாருடையதும் இல்லை. இந்த வேலை, இந்தக் கருவி, இந்த ஆள் என்று பார்த்து ஒப்படைக்கச் சொல்லும் குறளை உங்களை மனப்பாடம் செய்யவைத்தேன். எழுதிக்காட்டத் தேவையில்லை.

நம்மூரிலேயே இதற்கு எதிர் உதாரணமும் நிற்கிறது. கோயிலுக்கு முன்னால் முடியாத ராஜகோபுரம். கல்ஹாரம் வரை வந்து நின்றுபோனது. சின்ன வயதில் ஸ்ரீரங்கத்திலும் இப்படி ஒரு மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். விஜயநகரத்து அச்சுதராயர் காலத்தில் ஆரம்பித்தது என்பார்கள். ஏறக்குறைய நானூறு வருஷம் அது அப்படியே நின்றது. கல்லுக்கும் பக்திக்கும் பஞ்சமா? 1979இல் அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் எடுத்துக்கொண்டார். வயதான துறவி. பதின்மூன்று நிலை என்பதை ஒரே மலையாகப் பார்க்காமல் நிலைநிலையாக உபயதாரர் தேடினார்கள். ஒரு நிலையை இளையராஜா ஏற்றுக்கொண்டார். 1987 மார்ச் 25இல் கும்பாபிஷேகம். 236 அடி. அன்றைக்குக் கூட்டத்தில் நானும் நின்றேன், கழுத்து வலித்தது. நானூறு வருஷம் நின்ற வேலை எட்டு வருஷத்தில் முடிந்தது. ஒருவர் "இது என் வேலை" என்று சொன்னதும், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் போட்டதும்தான் வித்தியாசம் என்பது என் கணிப்பு.

சரி, பெயரும் தேதியும் போட்டுவிட்டோம். பதினான்கில் எதற்குப் போடுவது? மாணவியின் கேள்வி அதுதானே.

எனக்குத் தெரிந்து இதற்குச் சுருக்கமான பதிலைச் சொன்னவரும் நம்மூர்க்காரர்தான். உய்யக்கொண்டார். இயற்பெயரும் புண்டரீகாட்சர், திருவெள்ளறையில் பிறந்தவர். நாதமுனிகளின் சீடர். நாதமுனிகளிடம் இரண்டு பெரிய சொத்து இருந்தது. ஒன்று யோக ரகசியம், மற்றது ஆழ்வார்களின் பிரபந்தம். குருகைக் காவலப்பன் யோகத்தை வாங்கிக்கொண்டார். உய்யக்கொண்டாரைக் கேட்டபோது, வீட்டில் பிணம் கிடக்கையில் கல்யாணம் நடத்துவார்களா என்று திருப்பிக் கேட்டாராம். உலகம் துன்பத்தில் கிடக்க நான் தனியாக ஆனந்தம் தேடுவதா என்று பொருள். பிரபந்தத்தை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். யோகம் மட்டமானது என்று அவர் சொல்லவில்லை. நல்லது இரண்டில் ஒன்றை விட்டார். கெட்டதை ஒதுக்குவதற்கு மேனேஜர் எதற்கு? அதை வாட்ச்மேனே செய்வார்.

இதை நான் பள்ளியில் எப்படிச் சந்தித்தேன் என்று சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான் தலைமையாசிரியராகப் போன வருஷம், ஜூன் மாதம் ஆசிரியர் கூட்டத்தில் கரும்பலகையில் இலக்குகளை எழுதச் சொன்னேன். ஆளுக்கு இரண்டு சொன்னார்கள். பதினேழு வந்தது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி, மண்டல அளவில் கோகோ, அறிவியல் கண்காட்சி, மரம் நடுதல், ஆய்வுக்குப் பதிவேடுகள், ஆண்டு விழா, சீருடை ஒழுங்கு, இப்படி. ஒன்றையும் தப்பு சொல்ல முடியாது. அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை அடுத்த வாரம்தான் கண்டுபிடித்தேன். ஒன்பதாம் வகுப்பில் 62 பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அரைப்பக்கம் படிக்கச் சொன்னேன். 11 பேருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வந்தது. இரண்டு பேருக்கு அதுவும் வரவில்லை.

அந்தக் காலத்தில் மேலே நடக்கும் கூட்டங்களில் பள்ளிவாரியாகத் தேர்ச்சி சதவீதத்தை வாசிப்பார்கள். நூறு வாங்கியவருக்குக் கைதட்டல். குறைந்தவர் எழுந்து நிற்க வேண்டும். நூறு வாங்குவதற்குப் பல பள்ளிகளில் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே தேறாத பிள்ளைகளைப் பெற்றோரிடம் பேசி டிசி வாங்க வைப்பது, "தனித்தேர்வராக எழுதட்டும்" என்பது. எனக்கும் ஒரு பெரியவர் அந்த யோசனையைச் சொன்னார். "பதினோரு டிசி, சார். அடுத்த வருஷம் நீங்க நூறு." கெட்ட மனிதரில்லை. அவருக்கு மேலே இருந்தவர் அவரைக் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான்.

இலக்கு என்பது இப்படியும் வேலை செய்யும் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன். 35 மார்க் வாங்கத் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாலும் சதவீதம் ஏறும், அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பினாலும் சதவீதம் ஏறும். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 2017இல் தமிழக அரசு பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அன்றைக்கு நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இருந்தாலும் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டேன், சர்க்கரையோடு.

மறு கூட்டத்தில் கரும்பலகையை அழித்துவிட்டு ஒரு வரி எழுதினேன்: "டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்குள் ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் ஒரு பக்கம் தடங்கலில்லாமல் படிக்க வேண்டும்." கணக்கு ஆசிரியர் எழுந்தார். "சார், ஒன்பதாம் வகுப்புல அ, ஆ சொல்லித்தர்றதா? சிலபஸை யார் முடிக்கிறது?" நியாயமான கேள்வி. படிக்கத் தெரியாதவனுக்குக் கணக்குப் பரீட்சையில் கணக்கு எங்கே வருகிறது, கேள்வியைப் படிப்பதிலேயே நின்றுவிடுகிறான் என்றேன். அவரே யோசித்துவிட்டு, "அப்ப அந்த ரெண்டு பேரை நான் எடுத்துக்கறேன்" என்றார். கடினமான இரண்டு பேரை. பதினொரு பிள்ளைகளுக்கும் பெயர் எழுதி, எதிரே ஒரு ஆசிரியர் பெயர் எழுதினோம். காலையில் முக்கால் மணி நேரம்.

அதைவிடக் கஷ்டம் அடுத்த பாதி. எதை விடப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்வது. அந்த வருஷம் அறிவியல் கண்காட்சிக்குப் போகவில்லை. ஆண்டு விழா ஒரு சாயங்காலக் கூட்டமாகச் சுருங்கியது. அறிவியல் டீச்சர் இரண்டு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவர் வருத்தம் நிஜமானது, முந்தைய வருஷம் அவர் தயார் செய்த பிள்ளைகள் மாவட்ட அளவில் பரிசு வாங்கியிருந்தார்கள். அடுத்த வருஷம் கண்காட்சி உண்டு என்று தேதியோடு எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்த பிறகுதான் காபி குடிக்க வந்தார்.

டிசம்பரில் எட்டுப் பேர் படித்தார்கள். இரண்டு பேர் மார்ச்சில். ஒருவன் தீபாவளிக்கு அப்புறம் வரவில்லை. மணச்சநல்லூரில் அரிசி மில் வேலைக்குப் போய்விட்டான். இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தண்ணீர் கொடுத்தார், பையன் வெளியே வரவில்லை. அந்த வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 84. நான் எழுந்து நின்றேன். விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது. விளக்கமாகவே எழுதினேன், நாலு பக்கம். அடுத்த வருஷம் அந்தப் பத்துப் பேரும் பரீட்சை எழுதினார்கள், ஏழு பேர் முதல் தடவையிலேயே பாஸ். மூன்று பேர் துணைத் தேர்வில். இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். கமெண்டில் வந்து உங்களை நீங்களே காட்டிக்கொள்ள வேண்டியதில்லை, கண்ணுகளா.

ஆகவே மாணவிக்கு நான் சொன்னது இது. பதினான்கும் முக்கியம் என்றால், யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் தேர்ந்தெடுக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அவர் செய்யாவிட்டால் அந்த வேலை மறைந்துபோகாது, கீழே இறங்கும். நீயும் செய்யாவிட்டால் இன்னும் கீழே இறங்கும். கடைசியில் அந்தப் பையன் ராத்திரி பதினொரு மணிக்குத் தேர்ந்தெடுப்பான், எந்த மெயில் அதிகமாகப் பயமுறுத்துகிறதோ அதை. நீ பார்த்தது அவனுடைய பலவீனம் என்று நினைக்காதே. உனக்கும் உன் மேலதிகாரிக்கும் உரிய வேலை அவன் தலையில் கிடக்கிறது.

மேலதிகாரியிடம் போய் "எது முக்கியம்" என்று கேட்காதே என்றும் சொன்னேன். எல்லாம் என்பார். "இந்தப் பதினான்கில் எது மூன்று மாதம் தள்ளிப்போனால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்" என்று கேள். அதற்குப் பதில் வரும். வந்த பதிலை அன்றைக்கே எழுதி அனுப்பி வைத்துக்கொள். அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் இருந்தவன் சொல்கிறேன், வாய்ப்பேச்சுக்கு நகல் கிடையாது.

மீதமிருப்பதில் எதை முதலில் என்றால், எது முடிந்தால் மற்றவை இலகுவாகுமோ அது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது, சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பு ஸ்ரீதரனிடம் வந்தது, அப்போது அவருக்கு 32 வயது. பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பெயர் வாங்கியவர். புதிய கர்டர்கள் செய்து வரும்வரை காத்திருந்தால் எந்தக் கெடுவும் நடக்காது. கடலுக்குள் விழுந்துகிடந்த பழைய கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றுவது என்று முடிவு செய்தார். 46 நாளில் வேலை முடிந்தது. செய்ய வேண்டியது நூறு இருந்திருக்கும். முதல் கேள்வி, கர்டர் எங்கே என்பதுதான். என் பள்ளியில் கர்டர், வாசிப்பு.

தள்ளிவைத்த இலக்கு செத்துப்போனதாக நினைக்க வேண்டாம். நம்மூர்ப் பெருமாளுக்கு இரண்டு வாசல். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். மூடிய வாசலைப் பார்த்து யாரும் பெருமாள் இல்லை என்று திரும்பிப் போவதில்லை. அறிவியல் டீச்சருக்கு இதைத்தான் சொன்னேன். அவர் கிறிஸ்தவர், இருந்தாலும் உவமானம் பிடித்திருந்தது.

இனி நம் குழு விஷயம்.

பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று சித்திரையில் ஆரம்பித்தீர்கள். இன்றுவரை சேர்ந்தது 2,85,000 ரூபாய். வந்த யோசனைகள் பதினொன்று. நுழைவாயில் வளைவு, மேடைக்குக் கூரை, ஸ்மார்ட் போர்டு, சிசிடிவி, நூலகத்துக்கு அலமாரி, மைதானத்துக்கு விளக்கு, இன்னும் பல. ஒருங்கிணைப்பாளர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். பெயர் போட்ட பிறகு தேர்ந்தெடுக்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பள்ளிக்குப் போய் இரண்டு ஆசிரியைகளிடம் பேசினேன். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருவதில்லை. பக்கெட்டில் தூக்கிப் போகிறார்கள். அதனால் பல பிள்ளைகள் காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை தண்ணீரே குடிப்பதில்லை. மாதத்தில் சில நாள் பள்ளிக்கே வருவதில்லை. டீச்சர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். நம் பதினோரு யோசனைகளில் இது இல்லை. யோசனை சொன்னவர்களில் பத்துப் பேர் ஆண்கள்.

இந்த வருஷத்துக்கு இது ஒன்றுதான். மோட்டார், மேல்நிலைத் தொட்டி, கழிப்பறை வரை குழாய். ஜூனில் பள்ளி திறக்கும் அன்று காலை குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் வாங்கும் பொறுப்பு என்னுடையது. மோட்டார், பிளம்பிங் வேலைக்குப் பொறுப்பானவர் 1994ஆம் வருஷத்துப் பத்தாம் வகுப்பு மாணவர், இப்போது மின்வாரியத்தில் இருக்கிறார், சம்மதம் வாங்கிவிட்டேன். கணக்குக்கு 2003ஆம் வருஷத்து மாணவி. இருவர் பெயரும் குழுவில் இருக்கிறது. முடிந்த பிறகும் அந்த மோட்டாரை யார் பார்ப்பது, கரண்ட் பில், ரிப்பேர் எல்லாம் யார் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் மூன்றாம் வருஷம் மறுபடி பக்கெட்தான்.

வளைவு இந்த வருஷம் இல்லை. ஆசைப்பட்டவர் என் சொந்த மைத்துனர், இதைப் படிப்பார். மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அதன் அயனம் வரும்போது திறப்போம். வளைவுக்கென்றே பணம் கொடுத்த நாலு பேருக்குத் திருப்பிக் கொடுக்கவும் தயார், தண்ணீருக்கு மாற்றச் சம்மதம் என்றால் எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்புங்கள். மற்ற பத்து யோசனைகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த தை மாதம் எடுத்துப் பார்ப்போம்.

கம்பன் அரையனின் கல்வெட்டில் ஒரு பாட்டும் உண்டு. மூப்பு வந்து தளரவைப்பதற்கு முன்னால், இருந்தால் உண்டு, மிச்சத்தை ஊரறியக் கொடுத்து வை என்ற பொருளில். எனக்கு முழங்கால் ஏற்கெனவே தளர்ந்துவிட்டது, அதனால் ஜூன் என்றால் ஜூன்தான். மோட்டாருக்கு இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. மூன்றாவது துறையூரிலிருந்து வர வேண்டும். வந்ததும் குழுவில் போடுகிறேன்.